பட்டை இறுகும்போது அப்பாவின் நெஞ்சிடிப்பு என்ன ஆகிறது?

கேள்வி: டாக்டர், நாங்கள் குலசேகரம் பக்கம். அப்பாவுக்கு 58 வயது, ரப்பர் பால் வெட்டுகிறார். நான்கு வருடமாகப் பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் சாப்பிடுகிறார். போன மாதம் தலைசுற்றல் என்று காட்டப் போனபோது, 24 மணி நேரம் கையில் கட்டியிருக்கும் பிரஷர் மெஷினை மாட்டி அனுப்பினார்கள். அரை மணிக்கு ஒரு தடவை அது தானாகக் காற்றேறி இறுகியது. தம்பி துபாயிலிருந்து அனுப்பிய வாட்ச்சும் அதே இடது கையில்தான் இருந்தது. பட்டை இறுகும்போதெல்லாம் வாட்ச்சில் நெஞ்சிடிப்பு எண் காணாமல் போனது. சில தடவை 40 என்றும் சில தடவை 150 என்றும் காட்டியது. பட்டை அமுக்குவதால் நெஞ்சு நின்று நின்று ஓடுகிறது என்று அப்பா பயந்துவிட்டார். வெட்டும் நேரத்தில் மெஷினில் 100 என்று இருக்கிறது, வாட்ச்சில் 130க்கு மேல் இருக்கிறது. ராத்திரி பிரஷர் இறங்கவில்லை, பல்ஸ் 112 வரை போயிருக்கிறது என்று ரிப்போர்ட்டில் பார்த்து, ராத்திரிக்கு மெட்டோபுரோலால் 25 எழுதித் தந்திருக்கிறார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. மெஷின் கட்டிய அன்று அப்பா 9 மணிக்குப் படுத்து 3 மணிக்கு எழுந்தார். ரிப்போர்ட் பக்கங்களையும் அனுப்பியிருக்கிறேன். மெஷின் கட்டியதால்தான் பல்ஸ் ஏறியதா? எதை நம்புவது? அப்பா இனி அந்தப் பட்டையைக் கட்டவே மாட்டேன் என்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பாவின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பட்டை இறுகியபோது அவருடைய நெஞ்சு நிற்கவில்லை. நின்றது, மணிக்கட்டுக்குப் போகிற ரத்தம். அதுவும் சில விநாடிகளுக்கு மட்டும்.

மேல்கையில் கட்டும் அந்தப் பட்டை, கையின் பெரிய ரத்தக்குழாய் மூடிக்கொள்ளும் அளவுக்குக் காற்றேறி இறுகும். பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். மூடிய குழாய் திறக்கத் தொடங்கும்போது ஒவ்வொரு துடிப்பும் பட்டைக்குள் இருக்கும் காற்றில் ஒரு மெல்லிய அதிர்வை உண்டாக்கும். மெஷின் எதையும் காதால் கேட்பதில்லை, அந்த அதிர்வைத்தான் உணர்கிறது. அதிர்வு எந்த அழுத்தத்தில் எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதிலிருந்து பிரஷரைக் கணக்கிடுகிறது. அதே அதிர்வுகளுக்கு இடையே உள்ள நேரத்தை வைத்துப் பல்ஸைச் சொல்கிறது.

குழாய் மூடியிருக்கும் அந்தச் சில விநாடிகளில் முழங்கைக்குக் கீழே ரத்தம் போகாது. வாட்ச் இருப்பதோ மணிக்கட்டில். அதன் அடியில் பச்சை வெளிச்சம் மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்கு அடியில் ரத்தம் கூடிக் குறைவதற்கேற்பத் திரும்பி வரும் வெளிச்சமும் மாறும். அந்த மாற்றத்தை எண்ணித்தான் வாட்ச் நெஞ்சிடிப்பைச் சொல்கிறது. ரத்தமே வராதபோது எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. நல்ல வாட்ச் என்றால் எண்ணைக் காட்டாமல் விட்டுவிடும். சில நேரம் கை அசைவையோ வேறு சலனத்தையோ துடிப்பு என்று எடுத்துக்கொண்டு 40 என்றும் 150 என்றும் காட்டும். உங்கள் ஊரில் சொல்வதென்றால், கால்வாயில் மடையை அடைத்தால் கீழே இருக்கும் வயலுக்குத் தண்ணீர் வராது. அதற்காகப் பேச்சிப்பாறை அணை வற்றிவிட்டது என்று யாரும் நினைப்பதில்லை. அப்பாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியும்.

ஆஸ்பத்திரி தீவிர சிகிச்சைப் பிரிவில் இது தினமும் நடக்கிற விஷயம். பிரஷர் பட்டை கட்டிய கையிலேயே ஆக்சிஜன் பார்க்கும் விரல் கிளிப்பையும் மாட்டினால், பட்டை இறுகும்போதெல்லாம் அலாரம் அடிக்கும். அதனால் அனுபவமுள்ள நர்ஸ்கள் கிளிப்பை அடுத்த கைக்கு மாற்றிவிடுவார்கள். வீட்டுக்கு மெஷின் மாட்டி அனுப்பும்போது, "வாட்ச்சை மறு கைக்கு மாற்றிக் கட்டுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பா ஒரு ராத்திரி முழுக்கப் பயந்திருக்க மாட்டார். அதைச் சொல்ல வேண்டியது எங்கள் பொறுப்பு.

சரி, இப்போது உங்கள் அடுத்த கேள்வி. மெஷின் இறுகுவதே நெஞ்சிடிப்பைக் கூட்டுமா?

இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். 1983இல் இத்தாலியின் மிலான் நகரில் ஜூசெப்பே மான்சியாவும் அவருடைய குழுவினரும், 48 பேருக்கு ரத்தக்குழாய்க்கு உள்ளேயே மெல்லிய குழாய் வைத்து, பிரஷரையும் நெஞ்சிடிப்பையும் இடைவிடாமல் பதிவு செய்தார்கள். அப்படிப் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே ஒரு டாக்டர் பக்கத்தில் வந்து சாதாரணப் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்தார். டாக்டர் வந்த சில நிமிடங்களுக்குள் மேல் பிரஷர் சராசரியாக 27 அளவு ஏறியது. நெஞ்சிடிப்பும் நிமிடத்துக்குச் சுமார் 16 கூடியது. 1985இல் அதே குழுவினர் ஆள் யாரும் பக்கத்தில் இல்லாமல் தானாக இறுகும் மெஷினைக் கட்டிப் பார்த்தார்கள். அப்போது அப்படிப்பட்ட ஏற்றம் வரவில்லை. பட்டை இறுகுவதைவிட, பக்கத்தில் நின்று அளக்கும் ஆள்தான் உடம்பைப் பதற வைக்கிறார். 24 மணி நேர மெஷினை நாங்கள் விரும்புவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனால் எல்லாருக்கும் எல்லா நேரத்திலும் இப்படியே இருக்கும் என்று சொல்லமாட்டேன். மாட்டி அனுப்பிய முதல் ஒரு மணி நேரத்தில் பலருக்கு எண்கள் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். ராத்திரி பட்டை இறுகும்போது திடுக்கிட்டு விழிப்பவர்கள் உண்டு. அந்த விழிப்பில் நெஞ்சிடிப்பு சில விநாடிகளுக்குத் துள்ளும். அந்த நேரத்து எண்ணைத் தூக்கத்தின் எண் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அப்புறம், அளக்கும்போது கை அசைந்தால் மெஷினுக்குத் துடிப்பு எது, அசைவு எது என்று தெரியாமல் போகும். மறுபடியும், முன்பைவிட அதிகமாக இறுக்கி அளக்கப் பார்க்கும். அது வலிக்கும். வலித்தால் கையை உதறுவோம், அதனால் அந்த அளவும் கெடும். பட்டை கைக்குச் சின்னதாக இருந்தாலும் இதே தொல்லைதான், கூடவே பிரஷரையும் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். உழைத்து முறுக்கேறிய கைகளுக்கு எது சரியான அளவு என்று டேப்பால் சுற்றளவு எடுத்துப் பார்த்துத்தான் பட்டையை எடுக்க வேண்டும்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் இந்தத் தொல்லை அதிகம் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய பக்கங்களை வரி வரியாகப் பார்த்தேன். 48 தடவை அளந்திருக்க வேண்டும், 46 பதிவாகியிருக்கிறது. தூக்கத்தில் எடுத்த எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றன. திடீர்த் துள்ளல் எதுவும் இல்லை. மெஷின் அவர் தூக்கத்தைப் பெரிதாகக் கெடுத்ததாகத் தெரியவில்லை.

அப்படியென்றால் ராத்திரி 112 எங்கிருந்து வந்தது? அந்த வரியில் நேரத்தைப் பாருங்கள். அதிகாலை 4.30.

அந்த நேரத்தில் அப்பா எங்கே இருப்பார் என்று உங்களுக்குத் தெரியும். ஹெட்லைட்டை மாட்டிக்கொண்டு ரப்பர் விளையில் மரம் மரமாக நடந்துகொண்டிருப்பார். 300 மரம் வெட்டுகிறவர் என்றால், அந்தச் சரிவில் ஏறி இறங்கி, குனிந்து நிமிர்ந்து, மரப்பட்டையைச் சீவி, சிரட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வேகமாகப் போகிற வேலை. அப்படி வேலை செய்கிற 58 வயதுக்காரருக்கு 112 என்பது நெஞ்சு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம். மெஷினுக்கு அது தெரியாது. அதில் ராத்திரி என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை என்று பதிந்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஆட்களுக்கு அது சரிதான். பால் வெட்டுகிறவர் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார். மரத்துக்குள் இருக்கும் அழுத்தம் விடியலுக்கு முன்புதான் அதிகம், வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் அவர் 3 மணிக்கு எழுந்திருக்கிறார். மரத்தின் நேரத்துக்குத் தகுந்தபடி மாறிவிட்ட உடம்பு அது.

நான் அந்தப் பக்கங்களை எடுத்து அப்பாவின் நேரப்படி மறுபடி கணக்குப் போட்டேன். அவர் 9 மணிக்குப் படுத்து 3 மணிக்கு எழுந்தார் என்று எழுதியிருந்தீர்கள். மெஷின் ராத்திரி என்று எடுத்துக்கொண்ட 14 அளவுகளில் 10 அளவுகள் அவர் தூங்கும்போது எடுத்தவை. மற்ற 4 அவர் எழுந்த பிறகு, வேலைக்கு நடுவே எடுத்தவை. பதிவாகாமல் போன 2 அளவுகளும் இதே நேரத்துக்குரியவை, கை அசைந்துகொண்டிருந்திருக்கும். வேலை நேரத்து எண்களையும் தூக்கத்து எண்களையும் ஒன்றாகக் கலந்ததில், பகல் சராசரி 137, ராத்திரி சராசரி 127 என்று வந்தது. 7 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குவதுதான் இயல்பு. அதற்குக் கீழே இருந்ததால் 'ராத்திரி இறங்கவில்லை' என்று ரிப்போர்ட் சொல்லிவிட்டது.

விழித்திருந்த நேரம், தூங்கிய நேரம் என்று பிரித்தால் படமே மாறுகிறது. விழித்திருந்தபோது எடுத்த 34 அளவுகளின் மேல் பிரஷர் சராசரி 139. தூங்கும்போது எடுத்த 12 அளவுகளின் சராசரி 118. அதாவது 15 சதவீதம் இறங்கியிருக்கிறது. அப்பாவின் பிரஷர் தூக்கத்தில் நன்றாகவே இறங்குகிறது. பல்ஸும் அப்படித்தான். விழித்திருக்கும்போது சராசரி 79, தூக்கத்தில் 58. மிகக் குறைந்த எண் 52, அது ராத்திரி 1.30க்கு.

இதை எழுதும்போது பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு அம்மா ஞாபகத்துக்கு வருகிறார். தோவாளையில் பூ வியாபாரம் செய்தவர். பூச்சந்தைக்காக ராத்திரி 2 மணிக்கே எழுந்துவிடுவார், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் தூங்குவார். அவருடைய ரிப்போர்ட்டில் 'ராத்திரி இறங்கவில்லை' என்ற வரியை மட்டும் பார்த்து நான் மாத்திரையைக் கூட்டினேன். இரண்டு வாரத்தில், மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தவர் கட்டிலின் பக்கத்திலேயே விழுந்துவிட்டார் என்று கொண்டுவந்தார்கள். எலும்பு முறியவில்லை, அதுதான் ஆறுதல். பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், மத்தியானம் 3 மணிக்கு அவருடைய பிரஷர் ஏற்கெனவே 100 பக்கத்தில் இருந்தது. அது என் கண்முன்னே இருந்த எண், நான் கவனிக்கவில்லை. அன்றிலிருந்து மெஷினை மாட்டுவதற்கு முன் எப்போது படுப்பீர்கள், எப்போது எழுவீர்கள், மத்தியானம் தூங்குவீர்களா என்று கேட்காமல் யாரையும் அனுப்புவதில்லை. நம் மாவட்டத்தில் ராத்திரியைப் பகலாக்கி வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்! பால் வெட்டுகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், ராத்திரி பஸ் ஓட்டுகிறவர்கள், காவலாளிகள். இவர்கள் எல்லாருடைய ரிப்போர்ட்டிலும் அந்த 10 மணி, 6 மணிக் கோடு பொய் சொல்லக்கூடும்.

இனி வாட்ச் காட்டிய 130க்கும் மெஷின் காட்டிய 100க்கும் உள்ள வித்தியாசம். இதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது.

ஒன்று, மெஷின் அளக்கும்போது அப்பா நின்றுவிடுகிறார். கையை அசைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், அவரும் கத்தியை இறக்கிவிட்டுக் கையைத் தொங்கவிட்டபடி நின்றிருப்பார். வேலையை நிறுத்தியதுமே நெஞ்சிடிப்பு இறங்கத் தொடங்கிவிடும். பட்டை ஏறி இறங்க அரை நிமிடத்துக்கு மேல் ஆகும்போது, பதிவாவது நின்று மூச்சு வாங்கிய நேரத்து எண். அதனால் பிரஷர் மெஷினில் வரும் பல்ஸ், உழைக்கும்போது இருக்கும் உண்மையான நெஞ்சிடிப்பைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதோடு, அது 24 மணி நேரமும் எண்ணுவதில்லை. ஒரு அளவுக்கு அரை நிமிடம் என்று வைத்தால், 48 அளவுக்கு 24 நிமிடம். ஒரு நாளின் 1440 நிமிடத்தில் மீதியை அது பார்ப்பதே இல்லை. நெஞ்சிடிப்பு முழு நாளும் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால், நெஞ்சில் ஒட்டும் ஹோல்டர் மெஷின்தான் வேண்டும். அது ஒரு நாளின் ஏறக்குறைய ஒரு லட்சம் துடிப்பையும் ஈ.சி.ஜி. ஆகவே பதிவு செய்யும்.

இன்னொன்று, வாட்ச்சின் 130ஐயும் அப்படியே நம்ப முடியாது. சீவும்போது கை ஒரே தாளத்தில் அசைந்துகொண்டே இருக்கிறது. வார் கொஞ்சம் தளர்வாக இருந்தால் வாட்ச் கையின் தாளத்தையே நெஞ்சின் தாளம் என்று எண்ணிவிடும். வேர்வையும் பாலும் படிந்து கண்ணாடி அழுக்கானாலும் கெடும். உண்மை 100க்கும் 130க்கும் நடுவே எங்கேயோ இருந்திருக்கும். எங்கே இருந்தாலும் அது உழைக்கும் மனிதனின் எண்தான், அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் வாட்ச் காட்டும் பல்ஸைப் பெரும்பாலும் நம்பலாம். அப்பாவுக்குத் தூக்கத்தில் வாட்ச்சும் மெஷினும் ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்த வாட்ச் பிரஷரும் காட்டுகிறதென்றால், அதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். பட்டை இல்லாமல் வெளிச்சத்தை வைத்துப் பிரஷரைக் கணிக்கும் கருவிகளை நோயைக் கண்டுபிடிக்கவோ மருந்தை மாற்றவோ பயன்படுத்த வேண்டாம் என்று 2023இல் வந்த ஐரோப்பிய ரத்த அழுத்தச் சங்கத்தின் வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். தம்பி அன்போடு அனுப்பியது, அப்பா நேரம் பார்க்கவும் நடையை எண்ணவும் கட்டிக்கொள்ளட்டும்.

இப்போது மாத்திரை. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

மெட்டோபுரோலால் நல்ல மருந்து. ஆனால் அது நெஞ்சிடிப்பைக் குறைக்கிற மருந்து. ராத்திரி பல்ஸ் ஏறுகிறது என்று நினைத்து அதை எழுதியிருந்தால், அந்த நினைப்புக்குக் காரணமான எண் பால் வெட்டும் நேரத்துடையது. உண்மையான தூக்கத்தில் அப்பாவின் பல்ஸ் ஏற்கெனவே 52 முதல் 60 வரைதான் இருக்கிறது. அவருக்குத் தலைசுற்றலும் இருக்கிறது. அதனால் இதை ஆரம்பிப்பதற்கு முன், நாளைக்கே எழுதித் தந்த டாக்டரிடம் பேசிவிடுங்கள். நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அப்பா 9 மணிக்குத் தூங்கி 3 மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர். 112 வந்தது வேலை செய்யும்போது. தூக்கத்தில் 52 வரை இறங்கியிருக்கிறது. அவர் நேரப்படி பிரித்து இன்னொரு தடவை ரிப்போர்ட் எடுத்துப் பார்க்க முடியுமா?" அதற்கு மெஷினை மறுபடி கட்ட வேண்டியதில்லை. பதிவான எண்கள் கம்ப்யூட்டரில் இருந்தால், தூங்கிய நேரத்தை மாற்றிப் போட்டால் போதும், புது ரிப்போர்ட் வந்துவிடும். அப்பாவின் பிடிவாதத்துக்கும் இதுவே பதில்.

டாக்டர் இதையெல்லாம் கேட்ட பிறகும் அந்த மாத்திரை வேண்டும் என்று சொன்னால், அதற்கு வேறு காரணம் இருக்கலாம். அப்போது கொடுங்கள். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இந்த வகை மருந்தைச் சட்டென்று விட்டால் நெஞ்சிடிப்பும் பிரஷரும் எகிறிவிடும்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. தூக்கத்து எண் நன்றாக இருந்தாலும், விழித்திருக்கும் நேரத்து 139 சரியில்லை. அது 135க்குக் கீழே இருக்க வேண்டும். 24 மணி நேரச் சராசரியும் 130க்குக் கீழே இருக்க வேண்டும், அப்பாவுக்கு 134. 139இல் வேலை நேரத்து அளவுகளும் சேர்ந்திருக்கின்றன என்பது உண்மைதான். அவற்றை நீக்கினாலும் 138 வருகிறது. ஆகவே பிரஷர் மருந்தைச் சற்று மாற்ற வேண்டித்தான் இருக்கும். எந்த மருந்தை, எவ்வளவு என்பதை அவரைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர் முடிவு செய்யட்டும். பிரஷர் மாத்திரையை ராத்திரி சாப்பிட்டால்தான் நல்லது என்று யாராவது சொன்னால் அதற்காக அப்பாவின் வழக்கத்தை மாற்ற வேண்டாம். பிரிட்டனில் 21 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வில், காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் வித்தியாசம் இல்லை. மறக்காமல் சாப்பிடுகிற நேரமே நல்ல நேரம். வெட்டு முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டதும் போட்டுக்கொள்கிறார் என்றால் அதுவே தொடரட்டும்.

தலைசுற்றலைப் பற்றி ரிப்போர்ட் எதுவும் சொல்லவில்லை, நீங்களும் கடிதத்தில் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள். எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது. கட்டன் சாயாவை மட்டும் குடித்துவிட்டு, தண்ணீர் குடிக்காமல் மூன்று நான்கு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால், நிமிரும்போது பிரஷர் சட்டென்று இறங்கித் தலை சுற்றலாம். வீட்டில் பிரஷர் மெஷின் இருந்தால், அப்பாவை ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்று நிமிடத்தில் ஒரு தடவை பாருங்கள். நிற்கும்போது மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால், டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. விளைக்குப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

மெஷினில் பல்ஸ் எண்ணுக்குப் பக்கத்தில் சீரற்ற துடிப்பைக் குறிக்கும் அடையாளம் வந்தால் என்ன செய்வது என்றும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் ரிப்போர்ட்டில் அது இல்லை. ஆனால் அவர் வயதில் இனி எப்போது வேண்டுமானாலும் வரலாம். நடுநடுவே முந்திக்கொண்டு வரும் துடிப்பு சில நேரம் கை வரை வந்து சேராது. அப்போது நெஞ்சில் 80 இருந்தாலும் கையில் 50 என்று மெஷின் எண்ணும், வாட்ச்சும் அப்படியே எண்ணும். இப்படிச் சந்தேகம் வந்தால் விரலே நல்ல கருவி. கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், மூன்று விரலை வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். எண்ணிக்கையோடு, தாளம் ஒரே சீராக வருகிறதா என்பதையும் பாருங்கள். சீராக இல்லையென்றால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது, தாறுமாறான துடிப்புகளில் ஒரு வகை, பக்கவாதத்துக்கு வழிவைக்கும். உட்கார்ந்திருக்கும்போதே பல்ஸ் 120க்கு மேல் நிற்பது, தலைசுற்றலோடு 40க்குக் கீழே போவது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், இவற்றில் எது வந்தாலும் வாட்ச்சையும் மெஷினையும் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எந்த நேரமும் திறந்திருக்கிறது.

வீட்டில் பிரஷர் பார்ப்பதற்கு அப்பாவின் நாளுக்கு ஏற்ற ஒரு முறை சொல்கிறேன். அவருக்குக் காலை என்பது 3 மணி. எழுந்து சிறுநீர் கழித்துவிட்டு, சாயாவுக்கு முன், முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கால் இரண்டும் தரையில், கை நெஞ்சளவு உயரத்தில் மேசை மேல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. ராத்திரி படுப்பதற்கு முன் இதேபோல் இரண்டு தடவை. ஏழு நாள் எழுதுங்கள், முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். பால் வெட்டி வந்த சூட்டோடு பார்க்கவே வேண்டாம். மெஷின் இல்லையென்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிற பணியாளரிடம் கேளுங்கள், பிரஷர் பார்ப்பார்கள், மாத்திரையும் தருவார்கள்.

எப்போதாவது மறுபடி 24 மணி நேர மெஷினைக் கட்ட வேண்டி வந்தால், வெட்டு இல்லாத நாளில் கட்ட வேண்டாம். வேலை செய்கிற நாளிலேயே கட்டட்டும், அதுதான் அவருடைய உண்மையான நாள். கத்தி பிடிக்காத கையில் பட்டை, மறு கையில் வாட்ச். பட்டை இறுகத் தொடங்கியதும் கத்தியை இறக்கி, கையைத் தளர்த்தி நிற்கட்டும். ஒரு துண்டுத் தாளில் படுத்த நேரம், எழுந்த நேரம், வெட்டத் தொடங்கிய நேரம், முடித்த நேரம், மாத்திரை சாப்பிட்ட நேரம், ஐந்தையும் எழுதி மெஷினோடு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் அப்படி ஒரு தாள் வேண்டும். அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, மெஷின் கட்டிய அந்த நாளை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டாக்டர், நாகர்கோவில்